1627-இல் ஒரு பிற்பகல்: பிளிமத் பட்டக்ஸெட் அருங்காட்சியகம்

பாஸ்டன் நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிளிமத் ஊரில், பிளிமத் பட்டக்ஸெட் என்னும் வாழும் வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. 1620-இல் மேஃபிளவர் கப்பலில் வந்திறங்கிய ஆங்கிலேயக் குடியேறிகளின் கிராமத்தை 1627-ஆம் ஆண்டில் இருந்த நிலையில் மறுபடி கட்டி எழுப்பி, அந்தக் காலத்து மனிதர்களாகவே உடுத்தி, பேசி, சமைத்து, களையெடுத்து வாழ்ந்து காட்டும் பணியாளர்களை அதில் அமர்த்தியிருக்கிறார்கள். அண்ணன் மகளோடு அங்கே போயிருந்தேன். பாஸ்டனில் படிக்கும் அவள், மாதத்தில் ஒரு வார இறுதியை லார்ப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வேடமேற்பு விளையாட்டுக்கு ஒதுக்கிவிடுகிறவள். நுரைப்பஞ்சு வாளோடு காட்டுக்குள் இரண்டு நாள் வேறொருத்தியாக வாழ்ந்துவிட்டுத் திங்கட்கிழமை வகுப்புக்குத் திரும்புகிறவள். "சித்தப்பா, அவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வதைத்தான் நாங்கள் பணம் கட்டிச் செய்கிறோம்" என்று காரில் ஏறும்போதே சொல்லிவிட்டாள். ஆகவே இது அருங்காட்சியகத்தின் மதிப்புரை. கூடவே, வரலாற்றை வாழ்ந்து காட்டுவதும் லார்ப்தான் என்று அவள் தொடுத்த வழக்கின் விசாரணையும் ஆகும்.

வழக்கு அவள் புதிதாகக் கண்டெடுத்ததன்று. வரலாற்றை மறுநிகழ்த்தும் குழுக்களுக்கும் வேடமேற்பு விளையாட்டுக்காரர்களுக்கும் இடையே நெடுங்காலமாகப் புகைந்துகொண்டிருப்பதுதான். இங்கிலாந்தில் 1968-இல் பிரிகேடியர் பீட்டர் யங் தொடங்கிய சீல்டு நாட் சங்கம், 17-ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரின் சண்டைகளைத் திறந்த வெளிகளில் நடத்திக் காட்டுகிறது. அத்தகைய குழுக்களில் இருப்போர் பலருக்குத் தங்கள் உழைப்பை விளையாட்டு என்று பிறர் சொல்வது பிடிக்காது. அமெரிக்க உள்நாட்டுப் போரை மறுநிகழ்த்துவோரிடையே, காலத்துக்குப் பொருந்தாத பொத்தானோடு வருபவரை இகழ்வதற்கு 'ஃபார்ப்' என்று தனிச் சொல்லே உண்டு; சட்டைத் தையலின் இழைகளை எண்ணிக் குற்றம் காண்போருக்கும் 'நூல் எண்ணிகள்' என்ற பட்டம் உண்டு. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1966-இல் ஒரு வீட்டுக் கொல்லைப்புறக் கொண்டாட்டமாகத் தொடங்கிய 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம்' இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அங்கே உடையையும் சமையலையும் ஆராய்ந்து செய்கிறார்கள். ஆனால் யார் அரசர் என்பதைப் பிரம்புக் கட்டைகளை வாளாக ஏந்தி உண்மையாகவே மோதித் தீர்மானிக்கிறார்கள். எவர் வெல்வார் என்பது எந்த வரலாற்று நூலிலும் இல்லை. இருந்தும் அதன் உறுப்பினர்களில் கணிசமானோர் லார்ப் என்ற பெயரை ஏற்பதில்லை. "முடிவு தெரியாத சண்டை என்றால் அது எங்கள் கட்சி" என்பது என் அண்ணன் மகளின் கணக்கு.

பிளிமத் பட்டக்ஸெட்டில் போர் கிடையாது, வாள்வீச்சு கிடையாது. அதனால்தான் வழக்கை அங்கே கொண்டுபோய் வைப்பது பொருத்தமாகப்பட்டது. தொல்லியலில் ஈடுபாடு கொண்ட பாஸ்டன் பங்குத் தரகர் ஹென்றி ஹார்ன்புளோவர் 1947-இல் நிறுவிய இந்த அமைப்பு, தொடக்கத்தில் மற்ற அருங்காட்சியகங்களைப் போலத்தான் இருந்தது. ஜேம்ஸ் டீட்ஸ் என்ற தொல்லியலாளர் 1960-களின் பிற்பகுதியில் பொறுப்புக்கு வந்தபின், தொடக்கூடாத பழம்பொருட்களை அகற்றிவிட்டுக் கையாளக்கூடிய மறுவடிவப் பொருட்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். 1970-களின் இறுதிக்குள் பணியாளர்கள் 'அவர்கள் இப்படிச் சமைத்தார்கள்' என்று விளக்குவதை விட்டு, 'நான் இப்படிச் சமைக்கிறேன்' என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். இலக்கணத்தில் படர்க்கையிலிருந்து தன்மைக்கு மாறியது சிறு மாற்றம்தான். ஆனால் அதோடு அருங்காட்சியகம் கூடு விட்டுக் கூடு பாய்ந்துவிட்டது.

ஏன் 1627 என்பதற்கு இரண்டு ஆவணங்கள் காரணம். பழைய நாட்காட்டிப்படி அவ்வாண்டு மே 22 அன்று, குடியேற்றத்தின் பொதுக் கால்நடைகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது, பங்குக்கு 13 பேராக 12 பங்குகளில் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதிவைத்தார்கள். ஊரில் யார் யார் இருந்தார்கள் என்பது இவ்வளவு முழுமையாகக் கிடைப்பது அரிது. அதே ஆண்டு அக்டோபரில் நியூ நெதர்லாந்திலிருந்து வந்த டச்சு அதிகாரி ஐசக் டி ராசியேர், கடலை நோக்கி இறங்கும் 800 அடி நீளத் தெருவையும், பலகைச் சுவர் வீடுகளையும், அவற்றின் வேலியிட்ட தோட்டங்களையும், குன்றின் உச்சியில் மேலே 6 பீரங்கிகளும் கீழே தொழுகைக் கூடமுமாக நின்ற சதுரக் கோட்டைக் கட்டடத்தையும் ஒரு கடிதத்தில் வருணித்தார். அந்தக் கடிதமே இன்றைய கிராமத்துக்கு வரைபடம். கோட்டையின் மேல்தளத்தில் நின்று பார்த்தால் கூரை வேய்ந்த வீடுகளின் வரிசைக்கு அப்பால் நீலமாகக் கடல் தெரிகிறது. டி ராசியேர் எழுதியதற்கும் கண்ணுக்குத் தெரிவதற்கும் இடைவெளி மிகக் குறைவு. வீடுகளின் உள்ளே மண்தரை, புகை, கொதிக்கும் கஞ்சியின் வாசம். கறுப்பு உடையும் கொக்கி வைத்த தொப்பியும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அந்த உருவம் பிற்காலத்து ஓவியர்களின் கைவண்ணம். இங்கே எல்லாரும் காவி, பச்சை, நீலம் என்று சாயமேற்றிய கம்பளியில் இருக்கிறார்கள்.

மேற்படி பட்டியலில் உள்ள ஒருவரின் பெயரையும் வரலாற்றையும் ஒவ்வொரு பணியாளரும் ஏற்கிறார். அந்த மனிதர் இங்கிலாந்தின் எந்த வட்டாரத்தைச் சேர்ந்தவரோ அந்த வட்டாரத்துப் பழைய பேச்சு வழக்கையும் பயின்று பேசுகிறார். நம் காதுக்கு அது பிடிபடச் சற்று நேரம் ஆகும்; முதல் வீட்டில் பாதிதான் புரிந்தது, மூன்றாவது வீட்டில் தடையில்லை.

நான்காவது வீட்டில் ஒருவர் கதவுக்கு முளை செதுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து எங்களைப் பார்த்தவர், நீங்கள் எந்த நாட்டவர், கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து வருகிறீர்களா என்று கேட்டார். இங்கிருந்த குடியேறிகளில் பலர் டச்சு நகரமான லெய்டனில் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு வந்தவர்கள். மிளகும் கிழக்கு நாட்டுத் துணியும் அவர்கள் கேள்விப்பட்ட பொருட்கள்தாம். நான் சென்னை என்று சொல்ல வாயெடுத்தேன். 1627-இல் அப்படியொரு நகரம் ஆங்கிலேயருக்குத் தெரியாது என்பது எனக்கு எட்டுவதற்குள், அண்ணன் மகள் முந்திக்கொண்டாள். தான் சோழமண்டலக் கரையில் தரங்கம்பாடியிலிருந்து வருவதாகவும், தஞ்சை நாயக்க மன்னர் அந்த ஊரை ஏழாண்டுகளுக்கு முன்பு டென்மார்க்குக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டதாகவும், அவர்கள் கடலோரத்தில் கோட்டை கட்டியிருப்பதாகவும் தடையில்லாமல் சொன்னாள். சொன்னது பொய்யுமன்று. மேஃபிளவர் கேப் காட் கரையில் நங்கூரமிட்ட அதே 1620 நவம்பரில்தான் இரகுநாத நாயக்கருக்கும் டேனியர்களுக்கும் தரங்கம்பாடி உடன்படிக்கை ஏற்பட்டது. முளை செதுக்கியவர் கத்தியைக் கீழே வைத்தார். டேனியர்கள் உங்களிடம் மதத்தைப் பற்றி வற்புறுத்துகிறார்களா, மிளகு என்ன விலை, மன்னர் கொடுத்த இடத்துக்கு வாடகை உண்டா என்று அடுக்கினார். அவள் பதில் சொன்னாள். அவர் தங்கள் கடனைப் பற்றிப் புலம்பினார். லண்டன் முதலீட்டாளர்களின் பங்கை 1,800 பவுனுக்கு வாங்கிக்கொள்ள உடன்பட்டு, ஆண்டுக்கு 200 பவுன் வீதம் ஒன்பது ஆண்டுகள் கட்ட வேண்டிய நிலையில்தான் ஊர் அப்போது இருந்தது. ஏறத்தாழ எட்டு நிமிடங்கள் அங்கே இரண்டு குடியேற்றங்களின் வரவு செலவு பேசப்பட்டது. பார்வையாளன் என்று மிச்சமிருந்தவன் நான் ஒருவன்தான்.

பிறகு ஒரு குடும்பம் உள்ளே வந்தது. இந்த வெயிலில் இவ்வளவு கம்பளி புழுங்கவில்லையா, படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். அவர் புழுக்கத்துக்கு மட்டும் பதில் சொன்னார். படம் என்ற சொல்லை விளங்காதவர்போல் விட்டுவிட்டார். அந்தக் குடும்பத்தின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. நுழைவுச்சீட்டு வாங்கும்போது அவர்களிடம் யாரும் ஒரு பாத்திரத்தைக் கொடுக்கவில்லை. என் அண்ணன் மகளுக்கும் கொடுக்கவில்லை. அவள் தானே எடுத்துக்கொண்டாள். திரும்பும் வழியில் அவள் சொன்ன முதல் குறை இதுவாகவே இருந்தது. லார்ப் ஆட்டத்தில் யாருமே பார்வையாளராக வருவதில்லை. வாசலிலேயே நீ இன்னார், உனக்கு இன்னது வேண்டும், இவரிடம் உனக்குப் பகை என்று சொல்லித்தான் உள்ளே விடுவார்கள். பிளிமத்தில் ஒரு பக்கம் மட்டும் ஆடுகிறது, மறுபக்கம் வேடிக்கை பார்க்கிறது என்பது அவள் வாதம்.

என் வாதம் வேறு. ஆடைத் துல்லியத்தையோ அரிதாரத்தையோ கொண்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. பிரம்புக் கட்டை அரசர்களில் சிலர் அருங்காட்சியகப் பணியாளர்களைவிட நன்றாகத் தைப்பவர்களாக இருக்கக்கூடும். ஒருவர் தம் ஆட்டத்துக்குள் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்று பார்ப்பதே சரியான உரைகல். லார்ப் ஆடுபவர் உடன் ஆடுபவருக்குக் கடன்பட்டவர். அவர் கொடுத்த பந்தைக் கதை வளருமாறு திருப்பிக் கொடுப்பதே இவர் கடமை. வரலாற்றை மறுநிகழ்த்துபவர் ஆவணத்துக்குக் கடன்பட்டவர்; ஆவணம் இன்ன மாடு இன்னாருக்குப் போயிற்று என்றால் அது அவருக்குத்தான் போக வேண்டும். கால்நடைப் பட்டியலில் ஜேக்கப் கப்பலில் வந்த நான்கு கறுப்புக் கிடாரிகளும் ஊர் ஏழைகளுக்குச் சொந்தமான சிவப்புப் பசுவும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பெண்ணிடம் அந்தச் சிவப்புப் பசு யார் பங்கில் சேர்ந்தது என்று கேட்டேன். குடியேற்றத்தின் படைத்தலைவரான கேப்டன் ஸ்டாண்டிஷின் பங்கில் என்று தயங்காமல் சொல்லிவிட்டு, அதன் பாலைப் பற்றித் தம் கருத்தையும் ஓர் இழுப்புடன் சேர்த்தார். விடை ஆவணத்தினுடையது, இழுப்பு அவருடையது. இந்த அருங்காட்சியகத்தின் சேவை முழுவதும் அந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது. நாள் முழுவதும் எழுதப்படாத உரையாடலை எவரோடும் நடத்தும் அவர்களின் திறமை, எனக்குத் தெரிந்த எந்த மேடை நடிப்புக்கும் குறைந்ததன்று.

ஆனால் அந்தக் கடனே அவர்களுக்கு எல்லையும் ஆகிறது. கோட்டைக்குள் இருந்த ஒருவரிடம் விட்டுவமட் என்பவரைப் பற்றிக் கேட்டோம். 1623-இல் வெசகஸ்ஸெட் என்ற இடத்தில் மைல்ஸ் ஸ்டாண்டிஷின் ஆட்கள் அந்தப் பூர்வகுடி வீரரைக் கொன்று, தலையைக் கொண்டுவந்து இந்தக் கோட்டையின் மேல்தான் நட்டுவைத்தார்கள். கேட்கப்பட்டவர் தயங்காமல் தம் தரப்பு நியாயத்தைச் சொன்னார்: எங்களைக் கொல்லச் சதி நடந்தது, முந்திக்கொண்டோம், வேறு வழியில்லை. 1627-இல் அங்கு வாழ்ந்த ஒருவர் அப்படித்தான் பேசியிருப்பார் என்பதில் ஐயமில்லை. அவர் தம் கடமையில் இம்மியும் பிசகவில்லை. என் அண்ணன் மகளின் முகம் மட்டும் மாறிவிட்டது. எங்கள் ஆட்டமாக இருந்தால் நான் அவரை எதிர்த்திருப்பேன், ஊரைக் கூட்டியிருப்பேன், அந்தத் தலையை இறக்கியிருப்பேன், குறைந்தது ஆட்டம் முடிந்தபின் வட்டமாக உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசியிருப்போம் என்றாள். வடஐரோப்பிய நாடுகளின் லார்ப் மரபில் அந்தக் கடைசிப் பேச்சு ஆட்டத்தின் பகுதியாகவே கருதப்படுகிறது. கொடுமைக்காரன் வேடமிட்டவன் அரிதாரம் கலைத்து உன் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் ஆட்டம் முடிந்ததாகும். இங்கோ வேடம் கலைவதில்லை. நியாயத்தைக் கேட்டுக்கொண்டு படியிறங்கி அடுத்த வீட்டில் வெண்ணெய் கடைவதைப் பார்க்கப் போய்விடலாம்.

1627 என்ற தேர்வைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆவணங்கள் அந்த ஆண்டில் வளமாக இருப்பது உண்மை. அதே சமயம் அது வசதியான ஆண்டும் ஆகும். முதல் குளிர்காலத்தில் மேஃபிளவர் பயணிகள் 102 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்துபோன துயரம் பின்னால் போய்விட்டது. 1675-இல் மூண்டு இப்பகுதியின் பூர்வகுடிகளைச் சிதறடித்த போர் இன்னும் வரவில்லை. எந்த ஆண்டில் கடிகாரத்தை நிறுத்துவது என்று முடிவுசெய்பவர் ஆட்டத்தின் விதிகளை எழுதுபவரே. அந்த வகையில் அருங்காட்சியகமும், தான் ஆடுவது ஆட்டம் என்று சொல்லிக்கொள்ளாமலே, ஓர் ஆட்டத்தை வடிவமைத்திருக்கிறது. இந்தியானா மாநிலத்தின் கானர் பிரேரி அருங்காட்சியகம் 1998-இல் இதைவிட ஒரு படி மேலே போனது. அங்கே இரவு நேர நிகழ்ச்சி ஒன்றில் பார்வையாளர்களையே 1836-இல் தப்பியோடும் அடிமைகளாக்கி, இருட்டில் வீடுவீடாக அலையவிட்டார்கள். வந்தவர்களுக்குப் பாத்திரமும் உண்டு, அச்சமும் உண்டு. அதை லார்ப் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? இப்போது அந்த நிகழ்ச்சி நடப்பதில்லை. பார்வையாளருக்கு வேடம் கொடுத்துவிட்டாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்போர் அதையும் எண்ணிப் பார்க்கலாம்.

ஆங்கிலக் கிராமத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால், ஈல் ஆற்றங்கரையில் பட்டக்ஸெட் குடியிருப்பு இருக்கிறது. என் கணிப்பில் இந்த நுழைவுச்சீட்டின் முழு மதிப்பும் அங்கேதான். பட்டக்ஸெட் என்பது ஆங்கிலேயர் வருவதற்கு முன்பு இதே கரையில் இருந்த, வாம்பனோவாக் என்னும் பூர்வகுடியினரின் ஊரின் பெயர். 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோய் அதை வெறிச்சோட வைத்தது. 1614-இல் கடத்திச் செல்லப்பட்ட டிஸ்குவாண்டம் 1619-இல் ஊர் திரும்பியபோது அவர் ஊரே இல்லை. அருங்காட்சியகம் 2020-இல்தான் அந்தப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது. இங்கே பணியாற்றுவோர் பூர்வகுடி மக்கள். மான்தோல் உடையில் இருப்பார்கள், பழைய முறையில் சமைப்பார்கள், நெருப்பால் மரத்தைக் குடைந்து மிஷூன் என்னும் படகு செய்வார்கள். மரப்பட்டை போர்த்திய அவர்களின் குடிலுக்கு வீட்டூ என்று பெயர். நம் காதுக்கு அது வேடிக்கையாக ஒலிக்கும். மொழித்தொடர்பு ஏதுமில்லை, ஆராய்ச்சியில் இறங்க வேண்டாம். முக்கியமானது என்னவென்றால், இவர்கள் யாருடைய வேடத்தையும் ஏற்பதில்லை. இன்றைய மனிதர்களாக, இன்றைய ஆங்கிலத்தில், 'என் மூதாதையர்', 'நாங்கள்' என்று பேசுகிறார்கள். 17-ஆம் நூற்றாண்டைக் கேட்டால் அதையும் சொல்வார்கள், சென்ற வாரத்தைக் கேட்டால் அதையும் சொல்வார்கள்.

விட்டுவமட் பற்றிய அதே கேள்வியை அண்ணன் மகள் அங்கே நெருப்பருகே இருந்த பெண்ணிடம் கேட்டாள். பதில் நீளமாக வந்தது. கோட்டையில் கேட்ட நியாயம், அதில் எது ஆவணத்தில் உள்ளது, அந்த ஆவணத்தை எழுதியவர்கள் யார், 1675-இல் மூண்ட போரின் வாம்பனோவாக் தலைவரான மெட்டகாம் 1676-இல் கொல்லப்பட்டபின் அவர் தலையும் பிளிமத்தில் கம்பத்தில் ஏற்றப்பட்டது வரை போயிற்று. அவர் குரலை உயர்த்தவில்லை. கிண்டிக்கொண்டிருந்த சட்டியை மட்டும் இடையில் ஒரு முறை இறக்கி வைத்தார். ஆட்டம் முடிந்தபின் நடக்க வேண்டிய அந்த வட்டப் பேச்சு, கிராமத்தில் கிடைக்காமல் போனது, இங்கே கிடைத்துவிட்டது. கிராமத்தில் வேடம் கலையாமல் இருப்பதை நான் குறையாக எழுத நினைத்திருந்தேன். இந்தக் குடியிருப்பு இருப்பதால் அதைக் குறையென்று எழுதவில்லை. இது இல்லாத இடங்களில் அது பெருங்குறையாகவே இருக்கும்.

இரு பண்பாடுகளையும் சமமாகச் சொல்லும் அருங்காட்சியகம் என்ற வாக்குறுதி நிறைவேறவில்லை என்று வாம்பனோவாக் சமூகத்தினர் சிலர் 2022-இல் வெளிப்படையாகக் குற்றம் சாட்டி, இந்த இடத்தைப் புறக்கணிக்கக் கோரியதும் உண்டு. கிராமத்தின் பரப்பையும் குடியிருப்பின் பரப்பையும் கண்ணால் ஒப்பிட்டாலே அந்த மனக்குறை எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். போகிறவர்கள் அதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துறைமுகத்தில் நிற்கும் மேஃபிளவர்-2, இங்கிலாந்தின் பிரிக்ஸ்ஹாமில் கட்டப்பட்டு 1957-இல் அட்லாண்டிக்கைப் பாய்மரத்திலேயே கடந்து வந்த மறுவடிவக் கப்பல். கீழ்த்தளத்தில் தலைகுனிந்து நிற்கும்போது 102 பேர் என்ற எண் உறைக்கும். அதற்காகவே ஏறிப் பார்க்கலாம். ஊருக்குள் இருக்கும் மாவரைக்கும் ஆலை, நேரம் மிஞ்சினால் மட்டும். அருங்காட்சியகம் மார்ச் நடுவிலிருந்து நவம்பர் இறுதிவரை திறந்திருக்கும். கிராமத்துக்கு மட்டும் குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். தெருவெல்லாம் மண்ணும் சரிவுமாக இருப்பதால் நல்ல காலணி அவசியம். போகுமுன் கால்நடைப் பிரிப்புப் பட்டியலை ஒரு முறை படித்துவிட்டுப் போனால், அங்கே கிடைக்கும் உரையாடலின் தரம் பல மடங்கு கூடும்; இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. யாரிடமும் வெயிலையும் கம்பளியையும் பற்றிக் கேட்காதீர்கள். கடனைக் கேளுங்கள், லெய்டனை ஏன் விட்டு வந்தீர்கள் என்று கேளுங்கள், உங்களுக்கென்று 1627-இல் ஓர் ஊரையும் ஒரு தொழிலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதைப் பலகைகள் எந்த வரிசையில் அழைத்தாலும், கிராமத்தை முதலில் பார்த்துவிட்டுக் குடியிருப்புக்கு வாருங்கள். நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது நேரம் போதவில்லை. மிஷூனின் உள்ளே கனன்ற நெருப்பின் கரியைச் சிப்பியால் சுரண்டிக்கொண்டிருந்தவரிடம் அண்ணன் மகளுக்கு இன்னும் மூன்று கேள்விகள் மிச்சமிருந்தன.